தோய்ச்சல்

கணினித் துறைக்குள் விழுவதற்கு முன் ஷெஃபீல்டில் உலோகவியல் முதுகலை படித்தவன் நான். இன்று அந்தப் படிப்புக்கு மிஞ்சியிருக்கும் வேலை ஒன்றுதான். ‘உலகுக்கு எஃகு தந்தவன் தமிழன்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், உறவினர்கள் என்னிடம் “உண்மையா?” என்று கேட்பார்கள்.

பாதி உண்மை. கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் எஃகு உருக்கிய மண் மூசைகளின் மிச்சம் கிடைத்திருக்கிறது. தெலங்கானாவிலும் இலங்கையிலும்கூடக் கிடைத்திருக்கிறது. பெருமையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு.

‘வூட்ஸ்’ என்ற பெயரில் அந்த எஃகு லண்டனுக்குப் போனது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்தார். பிறகு, கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே. ஆனால் ஐரோப்பியக் கொல்லர்கள் பலர் தங்கள் வழக்கப்படி வெண்சூட்டில் காய்ச்சி அடித்ததும் கட்டி உதிர்ந்துபோனது. அதில் கார்பன் 1.5 சதவீதம் அளவுக்கு உண்டு. செஞ்சூட்டைத் தாண்டாமல் பொறுமையாக அடிக்க வேண்டிய சரக்கு. கட்டி கப்பலேறியது, பக்குவம் ஏறவில்லை.

பக்குவம் என்பது உள்ளே நடப்பது. ஷெஃபீல்டுக்காரரான ஹென்றி சார்பி 1863இல் எஃகைப் பளபளப்பாக்கி, அமிலம் தடவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். செஞ்சூட்டில் இருக்கும் எஃகை மெல்ல ஆறவிட்டால் மென்மையான இரும்பும் கடினமான கார்பைடும் கைரேகைபோல அடுக்கடுக்காகப் படியும், வளைத்தால் வளையும். அதே துண்டைத் தண்ணீரில் போட்டால் கார்பனுக்கு வெளியேற நேரமில்லை, சிக்கிக்கொள்ளும். அரம் பாயாது, ஆனால் தட்டினால் கண்ணாடிபோல உடையும். மறுபடி 220 டிகிரிக்குச் சூடாக்கினால் மேற்பரப்பு வைக்கோல் நிறமாகும், சவரக்கத்திக்கு அது போதும். 300இல் நீலம், அது சுருள்வில்லுக்கு. கடினத்தைக் கொஞ்சம் கொடுத்து உறுதியை வாங்குகிற பேரம். (புலம்பெயர் வாழ்வுக்கு இதை உவமையாக்கலாம், ஆக்கப்போவதில்லை.)

எங்கள் ஊர் ஆசாரி லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிப்பார். பட்டறைக்குள் எப்போதும் அரையிருட்டு. வெயிலில் சூட்டின் நிறம் தெரியாது. வாய்ப்பக்கத்தை மட்டும் நனைத்து எடுத்து, கல்லில் தேய்த்துப் பார்த்துக்கொண்டே நிற்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு வரும். வேண்டிய நிறம் வந்த நொடியில் முழுக்க அமிழ்த்துவார். அதற்குத் தோய்ச்சல் என்று பெயர். அவருக்குப் பின் அந்த உலையை யாரும் மூட்டவில்லை.

இதையெல்லாம் சொன்னபோது மகள் கேட்டாள்: “அந்த நிறம் உங்களுக்குத் தெரியுமாப்பா?”

“படத்தில் காட்டினால் சொல்வேன்” என்றேன்.