பேர் மறந்த தாத்தாவும் மறக்காத அம்பாவும்

"வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று நாம் எல்லோரும் சொல்லியிருப்போம். ஆனால் டிமென்ஷியா என்பது வெறும் வயது சமாச்சாரம் அல்ல, மூளையைப் பாதிக்கும் நோய்களால் வருவது. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருக்கலாம் என்று 2023-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இவர்களுக்குப் பாட்டு எந்த அளவுக்கு உதவும்?

கிளைவ் வியரிங் என்று ஒரு பிரிட்டிஷ் இசைக்கலைஞர். 1985-ல் வைரஸ் கிருமி அவர் மூளையைத் தாக்கியது. அதன்பிறகு சில விநாடிக்கு முன்னால் நடந்ததுகூட அவருக்கு நினைவில் நிற்கவில்லை. ஆனால் பியானோ முன்னால் உட்கார்ந்தால் விரல்கள் தானாக வாசித்தன!

காரணம், எல்லா நினைவும் மூளையில் ஒரே இடத்தில் இல்லை. புதிய விஷயங்களைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே அரிக்கத் தொடங்குகிறது. நீண்டகாலம் பழகிய இசையோடு தொடர்புள்ள பகுதிகளோ அவ்வளவு சீக்கிரம் சேதமாவதில்லை என்று ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015-ல் எழுதினார்கள்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தாத்தா. ராமேஸ்வரம் பக்கம் கரைவலை இழுத்தவர். இப்போது என்னை என் அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். சாப்பிட்டுக் கை கழுவியதும், "இன்னும் சோறு போடலையா?" என்பார். ஒருநாள் அப்பத்தா வேலை பார்த்துக்கொண்டே பழைய அம்பா ஒன்றை முணுமுணுத்தார். அம்பா என்றால் வலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் பதில் கொடுக்கும் பாட்டு. திண்ணையிலிருந்து தாத்தா சரியாகப் பதில் கொடுத்தார்! இரண்டு கைகளும் இல்லாத கயிற்றை இழுத்தன. அப்பத்தா பேச்சே வராமல் நின்றுவிட்டார்.

பாட்டு முடிந்ததும் பழையபடி ஆகிவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இசை இந்த நோயைக் குணப்படுத்தாது. 2025-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வும், இசை சிகிச்சையால் மனச்சோர்வு குறைய வாய்ப்புண்டு என்கிறதே தவிர, போன நினைவு திரும்பும் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அந்த அஞ்சு நிமிஷம் எவ்வளவு பெரியது தெரியுமா?

எந்தப் பாட்டையும் போட்டுவிட்டால் வேலை நடந்துவிடாது. அவரவர் இளவயதில் ஊறிய பாட்டாக இருக்க வேண்டும். எங்கள் கடற்கரைப் பெரியவர்களுக்கு அது இலங்கை வானொலியில் கேட்ட சினிமாப் பாட்டாக இருக்கலாம், கோயில் பாட்டாகவோ தாலாட்டாகவோ இருக்கலாம். முகத்தையும் கவனிக்க வேண்டும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியையும் சொந்தங்களையும் இழந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஒரு பாட்டு அந்த ராத்திரியைக் கொண்டுவந்தால் உடனே நிறுத்திவிடுவதே நல்லது.

சினிமாப் பாட்டு எப்போது வேண்டுமானாலும் யூடியூபில் கிடைக்கும். தாத்தாவின் அம்பா எங்கே கிடைக்கும்? விசைப்படகில் வலையை இழுக்க இயந்திரம் வந்துவிட்டது, அங்கே அம்பாவுக்கு வேலை இல்லை. ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் வரிகள் மாறும். பாடுகிறவர் மறந்துவிட்டால் அவரைத் தட்டி எழுப்பும் பாட்டும் சேர்ந்தே போய்விடும்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நன்றாக இருக்கும்போதே ஒரு காரியம் செய்யுங்கள். சின்ன வயதில் என்ன பாடினீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சம்மதத்தோடு செல்போனில் பதிவு செய்யுங்கள். யார் பாடியது, எங்கே கற்றது என்றும் குறித்து வையுங்கள். நான் அப்பத்தாவிடமிருந்து இதுவரை நாலு பாட்டு வாங்கிவிட்டேன். ஐந்தாவதற்கு, "பரீட்சை முடியட்டும், அப்புறம் வா" என்று சொல்லியிருக்கிறார்.