கட்டைவிரல் உயரத்தில் ஓர் உலகம்

சிறியவற்றின் மீது மனிதனுக்கு உள்ள ஈர்ப்பு விந்தையானது. மலையைக் கண்டு வியக்கும் கண், அரிசியில் எழுதிய பெயரைக் கண்டும் வியக்கிறது. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நம் வீடுகளில் அமைக்கும் குடிலை எண்ணிப் பாருங்கள். விரல் நீள இடையன், அவன் தோளில் ஓர் ஆட்டுக்குட்டி, வைக்கோல்மீது மாதாவின் நீல ஆடை. குழந்தைகள் மட்டுமா அதன்முன் குனிந்து உற்றுப் பார்க்கிறார்கள்?

நான் இங்கே எழுத வந்தது வேறு வகைச் சிற்றுருவங்களைப் பற்றி. அவை கற்பனைப் போர்களுக்காக வார்க்கப்பட்ட வீரர்கள், பூதங்கள், சிறகு முளைத்த நாகங்கள். மேசையை நிலமாகக் கொண்டு, பகடை உருட்டி ஆடும் விளையாட்டுக்குரியவை. ஐம்பதைக் கடந்த ஒரு குருவுக்கு இவற்றோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அந்த ஆட்டம் தெரியாது. ஆயினும் அவற்றைப் பார்த்து நிற்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. அந்த மகிழ்ச்சியைப் பெற்ற இடம் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரம். சில ஆண்டுகளுக்கு முன் அந்த மறைமாவட்டத்தில் மேய்ப்புப் பணிக்காக அனுப்பப்பட்டிருந்தேன்.

அந்நகருக்கும் சிற்றுருவங்களுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. பதினான்காம் நூற்றாண்டு தொடங்கி, அலபாஸ்டர் என்னும் மென்மையான வெண்கல்லில் திருப்பாடுகளின் காட்சிகளையும் புனிதர்களின் உருவங்களையும் செதுக்கி, வண்ணமும் பொன்னும் தீட்டி, ஐரோப்பா முழுவதற்கும் அனுப்பியவர்கள் அப்பகுதிச் சிற்பிகள். ஐஸ்லாந்து முதல் ஸ்பெயின் வரை அவர்கள் கைவண்ணம் சென்றது. 1456இல் ஜான் குட்இயர் என்னும் ஆங்கிலேயப் பங்குக் குரு, சந்தியாகப்பரின் வாழ்வைச் சித்திரிக்கும் அலபாஸ்டர் பீடச் சிற்பம் ஒன்றைக் கொம்போஸ்தெலா பேராலயத்திற்குக் காணிக்கையாக்கினார். பின்னர் வந்தது மதச் சீர்திருத்தப் புயல். 1550இல், ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், ஆலயச் சுரூபங்களை அழிக்கச் சட்டம் பிறந்தது. உடைந்தவை போக, சில கடல் கடந்தன. சில மண்ணுக்குள் மறைக்கப்பட்டன. 1779இல் ஃப்ளாஃபோர்டு என்னும் ஊரில், இடிக்கப்பட்ட ஆலயத்தின் தரைக்கடியில் குழந்தை இயேசுவை ஏந்திய மாதாவும், புனித பேதுருவும், ஓர் ஆயரும் வெண்கல் உருவங்களாக வெளிப்பட்டனர். நாட்டிங்காம் கோட்டை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ள அந்த மாதாவின் முன் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன்.

அதே நகரின் லென்டன் பகுதியில் இன்று கேம்ஸ் ஒர்க்ஷாப் என்னும் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. 1975இல் இலண்டனில் மூன்று நண்பர்கள் தொடங்கியது அது. 1983இல் ‘வார்ஹாமர்’ என்னும் கற்பனைப் போர் விளையாட்டையும், 1987இல் எதிர்காலத்தில் நடைபெறும் ‘வார்ஹாமர் 40,000’ என்பதையும் அது வெளியிட்டது. மேசைப் போர் அதற்கும் முந்தையது. எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913இலேயே ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலில் பொம்மை வீரர்களுக்கான விதிகளை வகுத்தார். இரத்தம் சிந்தாத இந்தச் சிறு போரே உண்மைப் போரைவிட எவ்வளவோ மேல் என்று அவர் அதில் வாதிட்டார். அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது.

ஓர் உருவம் உருவாகும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் ஈயக் கலவையில் வார்த்தார்கள். இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக். கையும் தலையும் வாளும் ஒரு சட்டத்தில் தனித்தனியே ஒட்டியபடி வரும். அவற்றை வெட்டி, பிசிறு சீவி, பசையிட்டு ஒட்டுவது வாங்கியவர் பொறுப்பு. பிறகு முதற்பூச்சு; அதன்மேல் அடிப்படை வண்ணம்; அதன்மேல் நீர்த்த கருமைச் சாயம். அது தானாகவே பள்ளங்களில் இறங்கி நிழலாகிவிடும். இறுதியில் விளிம்புகளில் மட்டும் மயிரிழை போன்ற வெளிர்கோடு. கட்டைவிரல் உயர வீரனின் கண்மணிக்கு ஒரு புள்ளி வைக்க மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலங்கியின் உட்புறத்தைக்கூட விடாமல் தீட்டுகிறார்கள். எவர் கண்ணும் படாத அவ்விடத்திற்கும் வண்ணம் உண்டு என்பதில் எனக்கு ஒரு மறையுரையே இருந்தது.

உருவங்களைவிட என்னை அதிகம் சிந்திக்க வைத்தது அவற்றின் பின்னுள்ள கதை. ஏறத்தாழ 38,000 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்வதாகச் சொல்லப்படும் அக்கதையில், மானிட குலத்தை ஒன்றிணைத்த பேரரசர் ஒருவர் உண்டு. சமயங்கள் அனைத்தையும் தடை செய்தவர். தம்மைக் கடவுள் என்று வணங்கலாகாது எனக் கட்டளையிட்டவர். அவருடைய அன்பு மகன் ஹோரஸ் அவருக்கு எதிராகக் கிளர்ந்தெழுகிறான். மகனை வீழ்த்தும் போரில் அவரும் குற்றுயிராகிப் பொன் அரியணை ஒன்றில் அமர்த்தப்படுகிறார். பத்தாயிரம் ஆண்டுகளாகச் சாவுமின்றி வாழ்வுமின்றி அங்கே இருக்கிறார். நாள்தோறும் ஆயிரம் மானிடர் அவருக்காகப் பலியாகின்றனர். வணங்கலாகாது என்றவரையே அம்மக்கள் கடவுளாக்கி வணங்குகின்றனர்.

இறையியல் பயின்ற எவரும் இங்கே நிற்காமல் போக முடியாது. அந்த உலகில் ஆலயம் உண்டு, மெழுகுதிரி உண்டு, புனிதப் பண்டங்கள் உண்டு, கறுப்புக் கவசம் அணிந்த ஆன்ம குருக்களும் உண்டு. இல்லாதது மன்னிப்பு ஒன்றே. அந்த அரியணை மக்களின் உயிரைக் குடித்துத் தன் அரசரைக் காக்கிறது. நாம் வணங்கும் அரசரோ சிலுவையை அரியணையாகக் கொண்டு, தம் உயிரை மக்களுக்கு உணவாகத் தருகிறார். இந்த வேறுபாட்டை மறைக்கல்வி வகுப்பில் இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடிந்ததில்லை.

என் பங்கில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து செவிலியராகப் பணிபுரிந்த ஒரு தாய் இருந்தார். கணவர் நோயுற்று இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. பதினைந்து வயது மகன். ஒரு நாள் அந்தத் தாய் கவலையோடு வந்தார். “சாமி, பையன் ராத்திரியெல்லாம் உக்காந்து பேய்ப் பொம்மைக்கு வண்ணம் அடிக்கிறான். இத வீட்டுல வச்சிருக்கலாமா? எரிச்சிரட்டுமா?” மகனையும் பொம்மைகளையும் அழைத்து வரச் சொன்னேன். அடுத்து நடந்ததை இருவரின் இசைவோடுதான் எழுதுகிறேன்.

பையன் என் மேசைமீது ஒவ்வொன்றாக நிறுத்தினான். எல்லாம் சிவப்புக் கவசம். ஓரமாக ஐந்து பேர் மட்டும் கறுப்பு. கவசத்தின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி. “இவங்க மட்டும் ஏன் தம்பி கறுப்பு?” என்றேன். அவன் சொன்னான். இவர்கள் பேரரசரின் புதல்வருள் ஒருவரான சாங்குவினியஸ் என்பவரின் வழிவந்தவர்கள். அவருக்கு வானதூதரைப் போல் வெண்சிறகு உண்டு. சகோதரன் ஹோரஸின் கையால் தாம் இறக்கப்போவது அவருக்கு முன்பே தெரியும். தெரிந்தே சென்றார். அவர் இறந்த வேதனை அவர் வழிவந்தோரின் இரத்தத்தில் தங்கிவிட்டது. சிலருக்கு அந்த நினைவு மூளையைக் கவ்விக்கொள்ளும். தந்தை இறக்கும் நேரத்திலேயே தாங்களும் நிற்பதாக அவர்களுக்குத் தோன்றும். அத்தகையோருக்கே கறுப்புக் கவசம்.

சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: “ஃபாதர், எங்க அப்பாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?”

நான் கெத்சமனித் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தாய் பேசிவிட்டார். “தெரியும்யா. டாக்டர் சொன்ன அன்னைக்கே தெரியும். உன் பரீட்சை முடியட்டும், அதுவரைக்கும் அவன்ட்ட சொல்லாதனு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு.” ஓராண்டாக அந்த வீட்டில் பேசப்படாத சொல் அது. இருவரும் அழுதார்கள். நான் எழுந்து போய்த் தேநீர் போட்டேன். திரும்பி வந்தபோது அந்தத் தாய் கறுப்பு வீரன் ஒருவனை உள்ளங்கையில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அருகில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தகைய கதைகளுக்கெல்லாம் மூதாதை என்று சொல்லத்தக்க ஜே.ஆர்.ஆர். டோல்கீன் நம் திருச்சபையைச் சேர்ந்தவர். நான்கு வயதில் தந்தையையும், பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தவர். பர்மிங்காம் ஆரட்டரியின் குரு பிரான்சிஸ் மார்கன் பாதுகாவலராக இருந்து அவரை ஆளாக்கினார். 1916இல் சோம் போர்க்களத்தில் நின்ற டோல்கீன், 1939இல் ஆற்றிய ஓர் உரையில், மனிதன் ஒரு துணைப் படைப்பாளன் என்னும் கருத்தை முன்வைத்தார். படைத்தவரின் சாயலில் படைக்கப்பட்டதால், நாமும் உலகங்களைப் புனைகிறோம். வார்ஹாமரின் குள்ளரும் ஓர்க்குகளும் அவர் புனைந்த உலகுக்குக் கடன்பட்டவர்கள். 2001இல் அதே நாட்டிங்காம் நிறுவனம் அவருடைய கதைமாந்தரையும் சிற்றுருவங்களாக வார்த்து வெளியிட்டது.

புனைந்த உலகங்கள் அனைத்தும் நல்லவை என்று நான் சொல்லவில்லை. அவற்றில் கொடூரம் உண்டு, விலையும் மிகுதி, ஒருவன் அவற்றுக்குள் ஒளிந்துகொள்ளவும் கூடும். ஆனால் அன்புப் பெற்றோரே, உங்கள் பிள்ளையின் அறையில் உங்களுக்கு விளங்காத ஓர் உருவம் நின்றால், அதை எரிக்குமுன் கையில் எடுத்துப் பாருங்கள். இவன் யார், இவனுக்கு என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். பிள்ளை கதை சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். சுரூபங்களை உடைத்த அந்த நகரம் மீண்டும் உருவங்களைச் செய்யத் தொடங்கிவிட்டது. இருள் மிகுந்த அவ்வுருவங்களின் வழியாகவும் ஒரு பிள்ளை தன் தந்தையைத் தேட முடியும் என்பதை நான் கண்டிருக்கிறேன். தேடுகிறவர் கண்டடைவார் என்பது நம் ஆண்டவரின் வாக்கு.