மடிப்பின் ஆயுள்

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா தன் எம்எக்ஸ்-5 மியாட்டாவை வெளியிட்டது. அந்தக் காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதன் முகத்தைத்தான் பேசுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் எழும்பி நிற்கும் இரண்டு விளக்குகள், சிரித்த வாய். எனக்கு அதன் பின்பக்கம் முக்கியம். கறுப்பு வினைல் கூரையின் பின்புறம், கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்று. அதைச் சுற்றி ஒரு மூலையில் தொடங்கி மேலே ஏறி மறு மூலையில் இறங்கும் ஜிப்.

அந்தத் தாள் எவ்வளவு காலம் உழைக்கும்? டொரொண்டோவில் இந்த முதல் தலைமுறை மியாட்டாக்களில் ஒன்றை வைத்துக்கொண்டு பல வருடங்களாக இந்தக் கேள்வியோடு வாழ்ந்து வருகிறேன். விசாரித்தால் ஒருவர் பதினைந்து வருடம் என்பார். இன்னொருவர் நான்கைத் தாண்டாது என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே வகைத் தாள், ஒரே அளவு, ஒரே கூரை. ஆயுளில் மட்டும் இத்தனை வித்தியாசம். பார்த்தும் கேட்டும் நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: அந்தத் தாளின் ஆயுளில் பாதியைத்தான் வேதியியல் தீர்மானிக்கிறது. மறு பாதி அதை மடிக்கிறவரின் கையில் இருக்கிறது.

பிளாஸ்டிக்கை ஏன் வைத்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மலிவுக்காக என்று மட்டும் சொல்வது அநியாயம். தலைமைப் பொறியாளர் தொஷிஹிகோ ஹிராய் எடையைக் குறைப்பதில் பிடிவாதமாக இருந்தவர். ஜப்பானில் விற்ற அடிப்படை வடிவம் 940 கிலோதான். அமெரிக்காவில் தொடக்க விலை 13,800 டாலர். கூரையைத் தூக்க மோட்டார் கிடையாது. முன்னால் உள்ள இரண்டு கொக்கிகளை விடுவித்து, இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு கையால் பின்னால் தள்ளிவிடலாம். இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பள்ளத்துக்குள் அது முழுவதும் அடங்க வேண்டும். கண்ணாடி மடியாது, கனமும் கூட. அன்றைக்கு அந்த இடத்தில், அந்த விலையில், அந்த எடையில் வளைந்துகொடுக்கிற தாளைத் தவிர வேறொன்றை யோசிப்பது எளிதாக இருந்திருக்காது. பி.எம்.டபிள்யூ. இசட்3, எம்.ஜி.எஃப்., போர்ஷே பாக்ஸ்டர், 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000 என்று அந்தப் பத்தாண்டின் திறந்த கார்கள் பலவும் பிளாஸ்டிக் ஜன்னலோடுதான் வந்தன. அதற்கும் முன்னால், 1920, 30களின் கார்களில் பக்கத்துத் திரைச்சீலைகளில் செல்லுலாய்டைத் தைத்தார்கள். அதுவும் மஞ்சளாகும், வெடிக்கும், போதாததற்குத் தீப்பற்றவும் செய்யும்.

இந்தத் தாள் பி.வி.சி. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பி.வி.சி.தான், அதை வளைத்தால் உடையும். 1926இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில், வால்டோ செமன் என்ற வேதியியலர் ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். கொதிநிலை அதிகமான திரவங்களில் பி.வி.சி.யைச் சூடாக்கிக் கரைத்தபோது பசை கிடைக்கவில்லை, துவளும் பொருள் ஒன்று கிடைத்தது. அந்தத் திரவங்களின் வழிவந்த இளக்கிகள்தான் ஜன்னல் தாளையும் துவள வைக்கின்றன. பி.வி.சி.யின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே அவை புகுந்து, சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க இடம் தருகின்றன. ஆனால் அவை எதோடும் பிணைந்திருப்பதில்லை, வெறுமனே தங்கியிருக்கின்றன. வெயிலிலும் சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகின்றன. இளக்கி குறையக் குறையத் தாள் சுருங்கி, விறைத்து, குழாயின் குணத்துக்குத் திரும்புகிறது.

மஞ்சள் நிறம் வேறு கதை. புற ஊதாக் கதிர் படப்படச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து அமிலமாகக் கழன்றுபோகின்றன. கழன்ற இடங்களில் கார்பன் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உருவாகின்றன. வரிசை நீளும்போது அது நீல ஒளியை விழுங்கத் தொடங்குகிறது. மிச்ச ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாக வருகிறது. இதைத் தள்ளிப்போடத் தயாரிப்பாளர்கள் நிலைப்படுத்திகளைக் கலக்கிறார்கள். அவை தீரும் வரை தாள் தெளிவாக இருக்கும். தீர்ந்தபின் எந்த பாலிஷாலும் அந்த மஞ்சளை எடுக்க முடியாது, ஏனென்றால் அது மேல்பரப்பில் இல்லை, தாளுக்குள் இருக்கிறது. கடைகளில் விற்கும் புட்டிகளை வாங்கிக் கை வலிக்கத் தேய்க்கிறவர்களைப் பார்க்கும்போது இதைச் சொல்லத் தோன்றும். பாலிஷ் எடுப்பது நுண்ணிய கீறல்களையும் மேலே படிந்த மங்கலையும்தான். அதுவும் சிறிய உதவியல்ல. இரவில் மழையில் பின்னால் வரும் லாரியின் விளக்கு, கீறல் விழுந்த தாளில் பட்டுச் சிதறி ஜன்னல் முழுவதும் பரவும்; எத்தனை வண்டி, எவ்வளவு தூரம் என்று ஒன்றுமே பிடிபடாது.

அந்தக் கீறல்கள் பெரும்பாலும் துடைப்பதால் வருகின்றன. தூசி படிந்த தாளைக் காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும், மணல் தன் வேலையைச் செய்துவிடும். முதலில் தண்ணீர் விட்டுக் கழுவி, தூசி போனபின் மெத்தென்ற மைக்ரோஃபைபர் துணியால் ஒற்ற வேண்டும். வீட்டுக் கண்ணாடிக்கு அடிக்கும் அம்மோனியா கலந்த திரவம் கூடாது. இதையெல்லாம் சொன்னால் சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் பின்னால் வருவது தெரியாமல் கார் ஓட்டுவதை விட இந்தச் சிரமம் குறைவு.

வெயிலை நாம் தடுக்க முடியாது. கார் உறை போடலாம், நிழலில் நிறுத்தலாம், அவ்வளவுதான். குளிரையும் தடுக்க முடியாது, ஆனால் குளிரில் கூரையைத் தொடாமல் இருக்க முடியும். இங்கே ஏப்ரலில் நல்ல வெயில் அடிக்கும். காற்று மட்டும் உறைநிலைக்கு அருகில் நிற்கும். குளிர்காலம் முழுக்க அடைந்து கிடந்தவர்களுக்கு அந்த வெயிலைப் பார்த்ததும் கூரையைத் திறக்கக் கை பரபரக்கும். வெளியே இரவெல்லாம் நின்ற காரின் ஜன்னல் அப்போது அட்டை மாதிரி விறைத்திருக்கும். அந்த நேரத்தில் மடித்தால் ஒரு ‘டக்’ சத்தம் கேட்கும். பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. என் காரும் அப்படியொரு விரிசலோடுதான் என்னிடம் வந்தது, தாளின் குறுக்கே நேர்கோடாக. முன்பு வைத்திருந்தவர் எஞ்சின் ஆயில் மாற்றிய ரசீதுகளை எல்லாம் வரிசையாகக் கோப்பில் போட்டு வைத்திருந்தவர். ஜிப்பை மட்டும் அவர் திறந்ததே இல்லை என்று தோன்றியது: பற்களுக்கிடையே மண் இறுகி, இழுப்பான் ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

அந்த ஜிப்புக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. கூரையை இறக்குவதற்கு முன் அதைத் திறந்து, ஜன்னலைக் கூரையிலிருந்து விடுவித்து, இருக்கைகளுக்குப் பின்னால் தட்டையாகக் கிடத்த வேண்டும். அதன்மேல் மெல்லிய துணியொன்றை விரித்துவிட்டுக் கூரையை மடித்தால் துணிக்கூரை மட்டும் மடியும், ஜன்னல் மடியாது. ஒரு நிமிட வேலை. இருக்கையில் அமர்ந்தபடி ஒரு கையால் கூரையைத் தள்ளுகிற வசதி இதில் போய்விடும். இறங்கித்தான் ஆக வேண்டும்.

அம்மா ஒரு கோடையில் வந்து தங்கியிருந்தபோது கராஜில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஜிப்பின் பற்களில் மெழுகு தடவிக்கொண்டிருந்தேன். இத்தனை பாடு எதற்கு என்று கேட்டாள். மடித்தால் மடிப்பில் வெடிக்கும் என்றேன்.

“மடிச்ச இடத்துலயே மடிச்சா எதுவா இருந்தாலும் ஒடிஞ்சுதான்டா போகும். மாத்தி மடி.”

கல்யாணப் பட்டுப்புடவையை அவள் வைத்திருக்கும் விதம் எனக்குத் தெரியும். வருடத்தில் ஓரிரு முறை பீரோவிலிருந்து எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பு விழாத மாதிரி வேறு கோட்டில் மடித்துத் திரும்ப வைப்பாள். ஒரே கோட்டில் வருடக்கணக்காகக் கிடந்தால் சரிகை அந்தக் கோட்டிலேயே ஒடியும், பட்டும் கூடவே கிழியும். அவளுக்கு வேதியியல் தேவைப்படவில்லை. பொருள் எங்கே களைத்துப்போகும் என்பதைக் கையாலேயே தெரிந்துவைத்திருந்தாள்.

“இதுல மாத்தி மடிக்க முடியாதும்மா” என்று கூரைச் சட்டத்தைக் காட்டினேன். இரும்பு வளைவுகள் எங்கே இறங்குகின்றனவோ அங்கேதான் மடிப்பு விழும். ஒவ்வொரு முறையும் அதே கோடு.

“அப்ப மடிக்காமலே வை.”

ஜிப்பை வடிவமைத்தவர்கள் வந்து சேர்ந்த இடமும் அதுதான் என்பதை நினைத்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது.

பாக்ஸ்டருக்கு இந்த வழி கிடையாது. 1996இல் வந்த அந்தக் காரில் பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டு வினாடிகளில் மோட்டார் கூரையை மடித்து மூடியையும் சாத்திவிடும். ஜன்னல் நடுவில் மடங்கி உள்ளே போகும். குளிரா வெயிலா, தாள் புதிதா பழையதா என்பதெல்லாம் மோட்டாருக்குத் தெரியாது. அது எப்போதும் ஒரே பலத்தோடு இழுக்கும். அதனால் அந்தக் காரை நேசித்தவர்கள் ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். கூரை பாதி இறங்கியதும் பொத்தானை விட்டு நிறுத்தி, காரை விட்டு இறங்கி, உள்ளங்கையின் பக்கவாட்டால் ஜன்னலின் நடுவில் மெல்லத் தட்டி, மடிப்பு கோணாமல் உருண்டையாக விழும்படி செய்துவிட்டு, மீண்டும் பொத்தானை அழுத்துவார்கள். ‘பாக்ஸ்டர் சாப்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. மடிப்புக்குள் சுருட்டிய துண்டு வைப்பவர்களும் உண்டு. அந்த மோட்டார், சிவப்பு விளக்கில் நிற்கும்போதே கூரையைத் திறந்துவிடும் வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு. தாளைக் காப்பாற்ற நினைத்தவர்கள் அந்த வேகத்தைத்தான் முதலில் விட்டுக்கொடுத்தார்கள். எஸ்2000இன் கூரை இன்னும் வேகம், ஆறு வினாடி. இசட்3ஐச் செய்தவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள்: ஜன்னல் போய்விடும் என்பதை ஒப்புக்கொண்டு, கூரையைக் கழற்றாமல் அதை மட்டும் மாற்றிவிட வழி வைத்தார்கள். அது நேர்மையான வடிவமைப்பு என்று நினைக்கிறேன். சீக்கிரம் தேய்கிற பாகம் சுலபமாக மாற்றக்கூடிய பாகமாகவும் இருக்கவேண்டும்.

கடைசியில் கண்ணாடி வென்றது. இரண்டாம் தலைமுறை மியாட்டா 1998இல் விற்பனைக்கு வந்தபோது, பனிமூட்டத்தை அகற்றும் சூட்டுக் கம்பிகள் ஓடும் கண்ணாடி அதன் கூரையில் இருந்தது. எஸ்2000க்கு 2002 மாடலிலும் பாக்ஸ்டருக்கு 2003 மாடலிலும் கண்ணாடி வந்தது. மடிந்து அடங்கவேண்டும் என்பதால் ஜன்னல் சிறியதாகிவிட்டது. வென்றது நியாயம்தான். இரவில் பின்னால் வருவது தெரிய வேண்டும், குளிர்காலக் காலையில் ஜன்னல் தெளிய வேண்டும். இந்த இரண்டுக்கும் பிளாஸ்டிக்கிடம் பதில் கிடையாது. ஆனால் கண்ணாடி வந்ததும் கூரை அழியாததாகிவிட்டது என்று நினைப்பது தவறு. கண்ணாடியையும் துணியையும் சேர்ப்பது ஒரு பசைக் கோடு. வருடக்கணக்கான வெயிலிலும் இழுப்பிலும் அந்தக் கோடு விடுபட்டு, கண்ணாடி ஒரு மூலையில் பிரிந்து தொங்குகிற கார்களைப் பார்த்திருக்கிறேன். தாளின் நடுவில் இருந்த பலவீனம் ஓரத்துக்குப் போய்விட்டது.

என் காருக்குப் புதுக் கூரை போட நேர்ந்தபோது, இந்த ஊரில் நெடுங்காலமாகக் கார் இருக்கைகளும் கூரைகளும் தைத்துவரும் போர்ச்சுகீசியப் பெரியவர் ஒருவரிடம் போனேன். பழைய கூரையைப் பிரித்து, கீழே மழைநீரை வாங்கி வடிக்கும் பிளாஸ்டிக் பள்ளத்தை முதலில் பார்த்தார். அது வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கித் தரை இரும்பைத் தின்றுவிடும். நல்லவேளையாக வெடித்திருக்கவில்லை. கண்ணாடி வைத்த கூரையும் இந்தக் காருக்குக் கிடைக்கிறது, அதைப் போட்டால் ஜன்னலைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றார். அவர் சொன்னது சரியான யோசனை. தினமும் இந்தக் காரில் வேலைக்குப் போகிறவனாக இருந்தால் அப்படியே செய்திருப்பேன்.

நான் ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஜன்னலையே கேட்டேன். ஜூலை மாதத்தில் புழுக்கம் தாங்காமல் மழை கொட்டும் மாலைகளில், கூரையை மேலே வைத்துவிட்டு ஜன்னலை மட்டும் ஜிப் திறந்து கிடத்திக்கொண்டு ஓட்டலாம். ஓடும்போது கூரைக்கு மேல் வழுக்கிப் போகும் மழை உள்ளே வருவதில்லை. நனைந்த மண் வாசனையும் காற்றும் பின்னால் இருந்து வந்து கழுத்தில் படும். பசையால் ஒட்டிய கண்ணாடி இதைத் தராது. அந்த மாலைகளுக்காகச் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு தாளை மாற்றுவது எனக்குச் சம்மதம். 2017இல் மாஸ்டா ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தபோது, மறுபடி தயாரித்த பாகங்களில் நார்டி மர ஸ்டியரிங், பழைய அளவு பிரிட்ஜ்ஸ்டோன் டயர் ஆகியவற்றோடு துணிக்கூரையும் இருந்ததைப் படித்து நெகிழ்ந்துபோனேன். கூரையும் அந்தக் காரின் உயிர்ப்பகுதி என்று அவர்களும் நினைத்திருக்கிறார்கள்.

இப்படியொரு கார் வாங்க நினைப்பவர் என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான். ஜன்னல் பளிச்சென்று இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். விற்பதற்கு முந்தின நாள் பாலிஷ் போட்டிருக்கலாம். சாய்வான வெளிச்சத்தில் பார்த்து, தாளின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறதா என்று கவனியுங்கள். விரலால் மெதுவாக அழுத்தி, துவள்கிறதா என்று பாருங்கள். பிறகு, கூரையை இறக்கிக் காட்டும்படி விற்பவரைக் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் தள்ளி நில்லுங்கள். அவர் முதலில் பின்பக்கம் போய் ஜிப்பைத் திறந்தால், அது சிக்காமல் ஓடினால், கேட்கிற விலையைப் பற்றி யோசிக்கலாம். நேராக முன்கொக்கிகளுக்குப் போனால் புதுக் கூரைக்கான செலவைக் கணக்கில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.