அஞ்சு நிமிஷம்

அம்மா பகலில் போன் செய்கிற ஆள் இல்லை. நான் வேலையில் இருப்பேன் என்று இரவு எட்டரைக்கு மேல்தான் கூப்பிடுவாள், அதுவும் நான் கூப்பிட மறந்த நாட்களில். அன்று காலை பதினொரு மணிக்குத் திரையில் அவள் பெயர் வந்ததும் மீட்டிங்கிலிருந்து எழுந்து வெளியே ஓடினேன்.

"ஏல, உங்கப்பா வண்டி எந்திரிக்க மாட்டேங்கு" என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். பட்டனை அமுக்கினால் டிக் டிக் என்று மட்டும் கேட்கிறதாம். நேற்று மூன்று தரம் அமுக்கின பிறகு கிளம்பியிருக்கிறது. இன்றைக்கு ஒன்றுமே இல்லை. சொல்லிக்கொண்டே வந்தவள் குரல் நடுவில் உடைந்துவிட்டது. அப்பா இறந்த அன்றுகூட அம்மா என்னிடம் போனில் அழவில்லை. "பேட்டரிதாம்மா, பெரிய விஷயமில்ல" என்றேன்.

"நான் ஒருநாளும் விடாமத்தானல செஞ்சேன்" என்றாள். என்ன செய்தாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. மீட்டிங் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர் வேம்பார். தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கு ஓரம். இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் ராமநாதபுரம் மாவட்டம் வந்துவிடும். முத்துக்குளித்துறையின் ஏழு பழைய கடல்துறைகளில் ஒன்று என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். முத்துக் குளித்ததை என் தலைமுறை பார்த்ததில்லை. நாங்கள் பார்த்தது ஃபைபர் வள்ளம், நண்டு வலை, பனை, கருப்பட்டி. அப்பாவிடம் ஒரு வள்ளம் இருந்தது. எஞ்சினைக் கயிறு இழுத்துக் கிளப்பிவிடலாம். விளக்குக்கும் ஜிபிஎஸ்சுக்கும் மட்டும் ஒரு 12 வோல்ட் பேட்டரி வேண்டும். கரைக்கு வந்ததும் மீனுக்கு அடுத்து இறங்குவது அதுதான். அப்பா அதைத் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, திண்ணையில் சார்ஜ் போடுவார். பிறகுதான் குளிப்பார். அவருடைய சாரங்களில் ஆசிட் தெறித்த சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். புதுச் சாரம் எடுத்த மறுவாரமே ஓட்டை விழுந்துவிடும் என்று அம்மா திட்டுவாள்.

மாதம் ஒருமுறை மூடிகளைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது என் வேலை. அப்பா ஹைட்ரோமீட்டரால் ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் கண்ணாடிக் குண்டு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று காட்டுவார். 1.260-க்கு மேல் என்றால் நிறைவு. 1.200-க்குக் கீழே போனால் உடனே சார்ஜ். வேப்பலோடைப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த மாமா ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "நாங்களும் இப்படித்தான் டிகிரி பாப்போம்" என்றார். கடல்தண்ணீர் பாத்திக்குப் பாத்தி சுண்டி 25 டிகிரி பக்கம் வரும்போது உப்புப் பரல் விழ ஆரம்பிக்கும். அந்த டிகிரியைக் காட்டுவதும் இதே மாதிரி மிதக்கும் கண்ணாடிக் குண்டுதான். ஒரு கருவி உப்புத் தண்ணீரை அளக்கிறது, இன்னொன்று ஆசிட்டை.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன், பிறகு காலேஜில் எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் படித்தவன் நான். 1859-இல் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு ஈயத் தகடுகளை அமிலத்தில் முக்கி, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். வேலைக்குப் போனது சாஃப்ட்வேர் கம்பெனிக்கு.

2021-இல் முழங்கால் ஒத்துழைக்காமல் அப்பா வள்ளத்தை விற்றுவிட்டு இந்த வண்டியை வாங்கினார். தினமும் சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வைப்பாறு வரை போய், டீ குடித்துவிட்டு, ஆறு மணிக்குத் திரும்பிவிடுவார். "பெட்ரோல் விலை தெரியாம ஊர் சுத்துறாரு" என்று நாங்கள் கேலி செய்வோம். அந்தச் சுற்றல்தான் பேட்டரியை உயிரோடு வைத்திருந்தது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அப்பா போய் எட்டு மாதம் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினேன். பையில் மல்டிமீட்டரும் புதிதாக வாங்கின ஸ்மார்ட் சார்ஜரும் இருந்தன.

சனிக்கிழமை காலை சீட்டைக் கழற்றிப் பார்த்தால் பிளஸ் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கடலோர ஊரில் எல்லா இரும்பிலும் ஏதாவது பூக்கும். ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். நுரைத்துக்கொண்டு போனது. மீட்டரை வைத்தேன். 9.8 வோல்ட்.

இந்த எண்ணைப் படிப்பது எளிது. பைக் பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் 2.1 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஆக, நிறைவாக இருக்கும் பேட்டரி, வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், 12.7 பக்கம் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்கு வந்தால் கால்தான் மிச்சம். அதற்குக் கீழே போனதை நாள்கணக்கில் அப்படியே போட்டால் ஆபத்து. 9.8 என்பது ஆபத்தையும் தாண்டியாயிற்று.

ஸ்மார்ட் சார்ஜர் அதைப் பேட்டரி என்றே ஒத்துக்கொள்ளவில்லை. சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. வோல்ட்டேஜ் ரொம்பக் கீழே போனால் பல சார்ஜர்கள் இப்படித்தான். அம்மா ஒன்றும் சொல்லாமல் பரணிலிருந்து அப்பாவின் பழைய சார்ஜரை எடுத்து வந்தாள். அதில் ஸ்மார்ட் எதுவும் கிடையாது. டிரான்ஸ்ஃபார்மரும் இரண்டு முதலை கிளிப்புகளும்தான். ஆனால் அது வள்ளத்துப் பேட்டரிக்கானது. அப்பா வண்டியில் இருப்பது 4 ஆம்பியர்-அவர் பேட்டரி. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.4 ஆம்பியர் அளவில் மெதுவாக ஏற்ற வேண்டும். பழைய சார்ஜ் கடைகளில் செய்வதுபோல நடுவில் ஒரு இண்டிகேட்டர் பல்பைத் தொடுத்தேன். பல்பு கரண்ட்டை மட்டுப்படுத்தும். அது மங்க மங்க பேட்டரி ஏறுகிறது என்று அர்த்தம். சீல் வைத்த பேட்டரி என்பதால் 14.4 வோல்ட்டைத் தாண்ட விடக்கூடாது. அரை மணிக்கு ஒருதரம் மீட்டரை வைத்துப் பார்த்தேன். திண்ணையில் அப்பா உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு தரம் காப்பி கொண்டுவந்தாள்.

இரவில் எடுத்து வைத்துவிட்டு, ஞாயிறு பூசைக்குப் போய்வந்து மீட்டர் வைத்தால் 12.5. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அமுக்கட்டா?" என்றாள். அமுக்கினாள். டிக். மீட்டர் 7.9-க்கு விழுந்தது.

வோல்ட்டேஜ் இருக்கிறது, சரக்கு இல்லை. பேட்டரி தீரும்போது உள்ளே இருக்கும் தகடுகளில் ஈய சல்பேட் பொடிப்பொடியாகப் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது திரும்பக் கரைந்துவிடும். ஏற்றாமல் வாரக்கணக்கில் விட்டால் பொடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கெட்டியான பரலாகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் கரண்ட் கொடுத்தாலும் அந்தப் பரல் கரையாது, அது மூடின அளவுக்குத் தகடு செத்தது. உப்பளத்தில் தண்ணீரை நிறுத்திவைத்துக் காத்திருப்பதே பரலுக்காகத்தான். பேட்டரிக்குள் அதே பரல்தான் எமன். எங்கள் ஊர் வெயில் இதை இன்னும் வேகப்படுத்தும்.

பழைய பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை சாயல்குடிக்கு பஸ் ஏறினேன். முதலில் மைனஸைக் கழற்றி, பிறகு பிளஸ்ஸைக் கழற்றியிருந்தேன். மாட்டும்போது தலைகீழ், மைனஸ் கடைசி. வண்டியின் இரும்புச் சட்டம் முழுக்க மைனஸ்தான். மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். இது அப்பா சொல்லித்தந்தது, காலேஜ் இல்லை.

கடைக்கார அண்ணாச்சி பழையதைக் கையில் தூக்கிப் பார்த்தார். பழையதைக் கொடுத்தால் புதியதில் விலை குறையும். அந்த எடையில் பெரும்பகுதி ஈயம், உருக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். கண்ட இடத்தில் உடைத்து உருக்கினால் மண்ணிலும் குழந்தைகளின் ரத்தத்திலும் போய்ச் சேரும். பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்து முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என்று 2022-இல் மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது. அண்ணாச்சி புதுப் பேட்டரியின் தயாரிப்புத் தேதியைக் காட்டினார். அலமாரியில் சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும், ஆறு மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் வாங்காதீர்கள் என்றார். மீட்டர் வைத்தேன், 12.8.

"வண்டி யாரு ஓட்டுதா?"

"யாரும் ஓட்டல அண்ணாச்சி. அம்மா தினம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் மட்டும் பண்ணி அணைச்சிருவாங்க."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதான் தம்பி போயிருக்கு. சும்மா போட்டிருந்தாக்கூட இன்னுங் கொஞ்சநாள் வந்திருக்கும். அப்படிச் செய்யச் சொன்னது யாரு?"

நான்தான். அப்பாவின் முப்பதாம் நாள் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னேன்: "வண்டி அப்படியே நின்னா பேட்டரி போயிரும்மா. தினம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடு." யாரோ எங்கோ சொன்னது. யோசிக்காமல் சொல்லிவிட்டு மறந்தும் போனேன். ஏழு மாதம் ஒருநாள் தவறாமல் அம்மா அதைச் செய்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து புதியதை மாட்டி, முனைகளில் வாசலின் தடவி, வண்டியைக் கிளப்பி மீட்டரை வைத்தேன். ஐடிலில் 12.4. ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தால் 14.2. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவேண்டுமென்றால் குறைந்தது 13-க்கு மேலே நிற்கவேண்டும். ஆக, சும்மா நின்று ஓடும்போது இந்த வண்டி பேட்டரிக்கு எதுவும் தருவதில்லை, எடுத்துக்கொள்கிறது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க முடியாது, எஞ்சின் ஓடினாலே எரியும். 2020-இல் பிஎஸ்-6 வந்தபிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு பம்ப்பும் அதை நடத்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு நாளும் செல்ஃப் மோட்டார் ஒரு வாய் குடித்துக்கொள்கிறது. அரை மணி நேரம் சாலையில் ஓடினால் எல்லாம் திரும்ப ஏறிவிடும். அஞ்சு நிமிஷம் நின்று ஓடினால் தினமும் கொஞ்சம் கடன்தான். ஏழு மாதக் கடன்.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். "ஏன்ல போச்சு?" என்று கேட்டாள்.

"வயசாயிட்டும்மா. மூணு நாலு வருஷந்தான் வரும்." பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

"நான் ஏதும் தப்பா அமுக்கிட்டனோன்னு இருந்திச்சு."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. நான் சொன்னதுதான் தப்பு என்று சொன்னேன். ஹெட்லைட், பம்ப், 12.4, 14.2 எல்லாம் சொன்னேன். நின்ன இடத்தில் அஞ்சு நிமிஷம் ஓட்டினால் கொடுக்கிறதைவிட எடுக்கிறது அதிகம் என்று முடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நீ தெனம் போன்ல பேசுதியே, அதும் அஞ்சு நிமிஷந்தான?"

நான் மீட்டர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"இனி ஸ்டார்ட் பண்ண வேண்டாம்மா" என்றேன். "இந்தச் சார்ஜரை மாட்டிவச்சா போதும். நிறைஞ்சதும் அதுவே குறைச்சுக்கிடும். ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல."

"பேட்டரிக்காகவா போட்டேன்?" என்றாள். "ஆறு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குக் காப்பிக்கு அடுப்பு பத்தவைக்கத் தோணும். மொத வாரம் நீ சொன்னியேன்னு போட்டேன். பொறவு அப்படி ஆயிட்டு."

இரண்டு பேருக்காக இரண்டு காப்பி போடுகிறாளா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

கடைசியில் பொறியியலுக்குப் புறம்பான ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். இரவெல்லாம் ஸ்மார்ட் சார்ஜர் பேட்டரியில் மாட்டியிருக்கும். சாயங்காலம் அதைக் கழற்றிவிட்டு, ஆறு மணிக்கு அம்மா பட்டனை அமுக்குவாள். அஞ்சு நிமிஷம் ஓடும். எடுத்ததைச் சார்ஜர் இரவில் திருப்பிவைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகன் வைப்பாறு வரை ஓட்டிவிட்டு வருவான். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன இணைப்பு வயரை வெளியே எடுத்துவிட்டேன், அம்மா குனிந்து திருகவேண்டிய அவசியம் இல்லாமல்.

கிளம்புவதற்கு முன் அந்தச் சாயங்காலம் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து வைப்பாறு வரை போனேன். அப்பா டீ குடிக்கும் கடையை அவள்தான் காட்டினாள். அவளும் அன்றைக்குத்தான் முதல்முறை வருகிறாளாம். டீ சுமார்தான்.

இப்போது ராத்திரி நான்தான் கூப்பிடுகிறேன். முதலில் சார்ஜரில் என்ன விளக்கு எரிகிறது என்று கேட்பேன். மஞ்சள் என்றால் ஏறிக்கொண்டிருக்கிறது, பச்சை என்றால் நிறைந்துவிட்டது. அம்மா வாசலுக்கு நடந்து போகும் செருப்புச் சத்தம் கேட்கும், கதவுத் தாழ் கேட்கும், கொஞ்சம் கடலும் கேட்கும்.

"இன்னும் மஞ்சத்தான்" என்பாள். பச்சை வரட்டும் என்று பேசிக்கொண்டிருப்போம்.