மூத்தவளை விற்ற வியாழக்கிழமை

இருட்டில் கோழி சத்தம் போடாது. அதனால்தான் புதன்கிழமை ராத்திரியைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, செல்போன் வெளிச்சத்தில் கோழிக்கூட்டின் தகரக் கதவைத் திறந்து, வரிசையாக உட்கார்ந்திருந்த எட்டுப் பேரில் அவளை மட்டும் இறக்கையோடு சேர்த்து அணைத்து எடுத்தேன். காலைக் கட்டும்போது தொண்டைக்குள்ளேயே ஒரு தடவை முனகினாள். அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கொஞ்சம் நகர்ந்து, காலியான இடத்தை நிரப்பிக்கொண்டாள்.

கோழி விற்பது ஒரு குற்றமா என்று கேட்கலாம். வேடசந்தூரில் கொல்லைப்புறம் உள்ள நிறைய வீடுகளில் கோழி உண்டு. வளர்ப்பதே விற்கவும் தின்னவும்தான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் அவளைக் காசுக்காக விற்கவில்லை. அவளுடைய நடத்தை எனக்குப் பிடிக்கவில்லை.

கரூர் ரோட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவன் நான். எந்த ஃபிரேமில் நூல் அறுகிறது, எந்த சைடர் பெண் இடத்தில் இல்லை என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை, மோட்டார் ரூம், துணி துவைக்கிற கல், அதைச் சுற்றி ஏழு பெட்டை, ஒரு சேவல். மனைவி பதினைந்து வருஷமாக ஒரு சத்தமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம். நான் நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, மேற்பார்வையை ஆரம்பித்தேன்.

உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, ஒன்று மாதிரி ஒன்று கிடையாது. கிராப்பு என்று ஒருத்தி. கழுத்தில் மயிரே இல்லாத சாதி, சிவந்த கழுத்தை நீட்டிக்கொண்டு அடுத்த வீட்டுச் சுவர் ஏறிப் போய்த் தின்றுவிட்டு வருவாள். எங்கள் வீட்டுக் கம்பு அவளுக்கு இறங்காது. கொண்டைக்காரிக்குத் தலையில் குடுமி. அது கண்ணை மறைப்பதால் எல்லாமே அவளுக்குத் திடீரென்றுதான் வரும். முருங்கை இலை விழுந்தாலும் ஒரு முழம் துள்ளுவாள். கருப்பிக்கு அடையைத் தவிர வேறு நினைப்பு கிடையாது. பன்னிரண்டு முட்டை வைத்தாள் என்றால் உட்கார்ந்துவிடுவாள், கைவிட்டால் கொத்துவாள். வெடைக்கோழி இரண்டு, அக்கா தங்கச்சி. ஒருத்தி மண்ணில் புரண்டால் இன்னொருத்தியும் புரள்வாள். அவர்களுக்குத் தனித்தனிப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. சேவலுக்குப் பெயர் மாப்பிள்ளை. வேலை ஒன்றும் கிடையாது, மரியாதை மட்டும் உண்டு என்று அம்மா வைத்த பெயர்.

சாம்பி சாம்பல் நிறம். பயந்தவள். எல்லோரும் முட்டையிடுகிற சாக்குப்பெட்டியில் இடமாட்டாள். தேங்காய் நார் மூட்டைக்குப் பின்னால், ஒரு தடவை என் பழைய ஹெல்மெட்டுக்குள்ளே கூட இட்டாள். அவள்மேல் எனக்கு ஒரு தனிப் பாசம்.

மூத்தவள் செவலை. நாலு வயது. கூட்டத்தில் பெரிய உடம்பு இல்லை. ஆனால் நடை பெரியது.

கோழிக்குப் பெயரா என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய விழுப்புரம் மாவட்டத்து இந்தளூரில் சண்டையில் செத்த ஒரு சேவலுக்கு நடுகல் இருக்கிறது. ஏறக்குறைய 1,500 வருஷத்துப் பழசு. கல்லில் சேவலின் உருவமும், அதற்கு இட்ட பெயரும் இருக்கின்றன: பொற்கொற்றி. சேவலுக்குக் கல் நட்டவர்கள் பெட்டைக்கு நட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. தொல்காப்பியம் பெட்டைக்கு ‘அளகு’ என்று தனிச்சொல் கொடுத்திருக்கிறது, அதோடு சரி.

விடியற்காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் முதலில் வெளியே வருவது மூத்தவள். வாசலில் நின்று, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்ப்பாள். பிறகுதான் மற்றவர்கள். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் குரல் கொடுப்பான்: பருந்துக்கும் கொடுப்பான், காற்றில் பறக்கிற பிளாஸ்டிக் பைக்கும் கொடுப்பான். அதனால் அவன் கத்தினால் யாரும் அசையமாட்டார்கள். மூத்தவள் ஒரு தடவை உடம்பைத் தரையோடு பதித்தாள் என்றால் அத்தனையும் எலுமிச்சைக்கடியில். இதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். பார்த்தேன், கணக்கில் எடுக்கவில்லை.

நான் கணக்கெடுத்தது வேறு. கம்பும் குருணையும் வீசினால் முதல் கொத்து அவளுக்கு. சாம்பி கிட்டே வந்தால் தலையில் ஒரு போடு. ஒரு நாள் காலையில் பதினொரு தடவை எண்ணினேன். சாம்பியின் பின்மண்டையில் மயிர் போய்த் தோல் தெரிந்தது. பங்குனி மாதம் ஒரு நாள் அதில் ரத்தம் பார்த்தேன். முப்பது வருஷத்தில் இப்படி ஆட்களை நான் பார்க்காதவனா? இவர்களை ஒருதடவை இடம் மாற்றினால் பிரிவே நிம்மதியாகிவிடும். அப்படித்தான் முடிவு செய்தேன். வீட்டில் கேட்கவில்லை.

அய்யலூர் சந்தை வியாழக்கிழமை. எரியோடு வழியாக வண்டியில் போனேன், இருட்டு பிரியவில்லை. ஆடு ஒரு பக்கம், கோழி ஒரு பக்கம். கட்டுச்சேவலைக் கையில் வைத்து மார்பு தடவிக் காட்டுகிறவர்கள் ஒரு பக்கம். வியாபாரி மூத்தவளைக் கையில் வாங்கி, காலைப் பிடித்துத் தூக்கி எடை மதித்து, இடுப்பெலும்பை விரலால் அழுத்திப் பார்த்தார். "முட்டைக் கோழியாச்சே, ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டார். "சண்டைக்காரி" என்றேன். "அப்ப ஐம்பது குறைச்சுக்கலாம்" என்றார். 550 ரூபாய்க்குக் கொடுத்தேன். அவள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அப்போதும் வானத்தைத்தான் பார்த்தாள். இல்லை, அப்படி எனக்குத் தோன்றியிருக்கலாம். தலைகீழாகத் தொங்கினால் வேறு எதைப் பார்ப்பது?

வீட்டுக்கு வந்தபோது அம்மா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எண்பது தாண்டியவள், சின்ன வயதில் இந்தப் பக்கத்துப் புகையிலைக் காடுகளில் இலை ஒடித்தவள். விஷயத்தைச் சொன்னேன். கொல்லையில் சும்மா கவிழ்ந்து கிடந்த கொடாப்புக் கூடையைக் கையால் காட்டினாள். "அது எதுக்குடா கெடக்கு? கொத்துனா ரெண்டு நாள் அதுல கவுத்துப் போட்டா அடங்கிட்டுப் போறா. இதுக்குப் போயி வித்துப்புட்டு வந்து நிக்கிற."

இரண்டு நாள் எனக்குத்தான் வெற்றி. சாம்பி நடுமுற்றத்தில் நின்று தின்றாள். மூன்றாம் நாள் கிராப்பும் கொண்டைக்காரியும் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு எதிரெதிராக நின்றார்கள். கிராப்புக்குச் சிலிர்க்க மயிர் இல்லை. கொண்டைக்காரிக்கு எதிரி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பார்க்கச் சிரிப்பாக இருந்தது, கொண்டையில் ரத்தம் வரும்வரை. நாளைக்கு மூன்று நாலு கிடைத்துவந்த முட்டை ஒன்றாயிற்று, பிறகு அதுவும் இல்லை. சாயங்காலம் கூட்டுக்குள் தானாகப் போகிற வழக்கம் போயிற்று. வாசலில் நின்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருட்டும்வரை நிற்பார்கள். கடைசியில் நான்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட வேண்டும். இந்த ரகளை பிடிக்காமலோ என்னவோ, கருப்பி அந்த வாரமே மோட்டார் ரூமில் அடைக்கு உட்கார்ந்துவிட்டாள். சாம்பி? நான் காப்பாற்றிய சாம்பி, வெடைக்கோழி இரண்டையும் பின்மண்டையில் கொத்தத் தொடங்கினாள். குறி தவறவில்லை. தன்னை எங்கே கொத்தினார்களோ அதே இடம்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகளிடம் போனில் புலம்பினேன். அவள் படித்துச் சொன்னாள். நார்வே நாட்டில் தோர்லைஃப் ஷெல்டெருப் எப்பே என்று ஒருவர், சிறுவயதிலிருந்தே வீட்டுக் கோழிகளில் யார் யாரைக் கொத்துகிறார்கள் என்று நோட்டுப் போட்டுக் குறித்து வந்தவர். 1922இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஆபீஸ்களைப் பற்றி இன்றைக்குப் பேசுகிற ‘கொத்தும் வரிசை’ அவருடைய கோழிக் கொல்லையிலிருந்து வந்ததுதான். வரிசை ஒருதடவை முடிவாகிவிட்டால் பெரிய சண்டை குறைந்துவிடும். ஒரு பார்வை, ஒரு கொத்தோடு போய்விடும். ஒரு ஆளை எடுத்தாலோ புதிதாக ஒரு ஆளைச் சேர்த்தாலோ எல்லாவற்றையும் மறுபடி தீர்க்க வேண்டும்.

"நானும் எண்ணினேனே" என்றேன்.

"நீங்க ஒருத்தரைத்தானேப்பா எண்ணினீங்க" என்றாள்.

கொஞ்சம் பொறுத்திருந்தால் பத்து நாளில் அவர்களே தீர்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை மறுபடி அய்யலூர் போனேன். மூத்தவளைத் தேடித்தான். ஒரு வாரத்துக்கு முன் விற்ற கோழி சந்தையில் காத்திருக்குமா? அந்த வியாபாரியையும் காணோம். ஆனால் ஒரு கூடையில் செவலையாக ஒருத்தி இருந்தாள். அதே நிறம், ஏறக்குறைய அதே நடை. 700 ரூபாய். வாங்கி வந்து நேராகக் கூட்டத்தில் விட்டேன். கொடாப்பு அதே இடத்தில்தான் கவிழ்ந்து கிடந்தது.

ஐந்தாம் நாள் அவள் இறக்கையைத் தொங்கவிட்டு ஓரமாக நின்றாள். எச்சம் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீராகப் போயிற்று. மறுநாள் கழுத்து முறுக்கிக்கொண்டது. வெள்ளைக்கழிச்சல். அது இமயமலைப் பக்கம் ராணிகேத் என்ற ஊரின் பெயரால் 1920களின் கடைசியிலிருந்து இந்தியா முழுக்க அறியப்பட்ட நோய். வந்துவிட்டால் மருந்து கிடையாது, வராமல் தடுக்கத்தான் முடியும். புதியவள் போனாள். இரண்டு நாள் கழித்துக் கொண்டைக்காரி. கடைசி நாளில் எது விழுந்தாலும் அவள் துள்ளவில்லை. பிறகு கிராப்பு. மாப்பிள்ளை இரண்டு நாள் கூவ முயன்று, காற்று மட்டும் வந்தது. வெடைக்கோழிகளில் ஒருத்தி செத்த அன்று மற்றவள் அந்த மண்குழியிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். ஐந்து பேரையும் முருங்கைக்குப் பின்னால் இடுப்பளவு குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன்.

தெருவில் கேட்டவர்களிடம், "இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி, சீக்கு வந்துருச்சு" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வெயில் எதிர்த்துப் பேசாது.

நான் சொல்லாமல் விட்டது இது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் கால்நடைத் துறை இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. காசு கிடையாது. மனைவி வருஷம் தவறாமல், முந்தின ராத்திரியே பிடித்துக் கட்டிவைத்து ஊசி போட்டுக்கொண்டு வருவாள். அந்த வருஷம் அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். முகாம் என்றைக்கு என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனாள். காலையில் கதவைத் திறந்துவிட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. ஏழு பெட்டையையும் கொல்லையில் துரத்திப் பிடிக்கச் சோம்பல். ‘நம்ம கோழி எங்கே வெளியே போகுது’ என்று இருந்துவிட்டேன். கிராப்பு அப்போது அடுத்த வீட்டுச் சுவர்மேல் நின்றுகொண்டிருந்தாள். மனைவி ஊரிலிருந்து வந்து, "ஏங்க, ஊசி போட்டாச்சா?" என்று கேட்டபோது, "ம்" என்றேன்.

அந்த ‘ம்’ என்னவென்று அவளுக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. குழியை மூடிவிட்டுக் கைகழுவத் தண்ணீர் கேட்டபோது, சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பேசவில்லை. நான்கு நாள் கழித்து நானாகவே சொன்னேன். "தெரியும்" என்றாள். மேற்பார்வை பார்த்தவன் நான் மட்டும் இல்லை போல.

சாம்பி பிழைத்தாள், எப்படி என்று விளங்கவில்லை. ஒரு வெடைக்கோழி பிழைத்தாள். கருப்பிக்கு ஒன்றுமே ஆகவில்லை. மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்தி, தீனியும் தண்ணீரும் மனைவி அங்கேயே வைத்திருந்தாள். அடைக்கு வைக்கும்போது கூடையில் மணல் பரப்பி, பேன் அண்டாமல் இருக்க இரண்டு புகையிலைத் துணுக்கு போட்டது அம்மா. இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும் என்று ஒரு ஆணி, ஒரு கரித்துண்டு, இரண்டு வரமிளகாய் சேர்த்து வைத்ததும் அவள்தான். புகையிலை சரி, ஆணியை நான் நம்பவில்லை. ஆனால் எடுத்துப் போடவும் இல்லை. அந்த நேரத்தில் எதையும் எடுக்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

இருபத்தொன்றாம் நாள் பன்னிரண்டில் ஒன்பது பொரிந்தது. மூன்று கூமுட்டை. ஊசி போட்டு முடியும்வரை குஞ்சுகள் கொல்லையில் கால் வைக்கவே இல்லை, மோட்டார் ரூமிலேயே கொடாப்புக்குள் வளர்ந்தன. ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கைக்கடியில் ஊசி. இரண்டுக்கும் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கால்நடை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவன் நான். ‘கொல்லையெல்லாம் சுண்ணாம்பு அடிச்சாச்சா சார்?’ என்று கேட்டார்கள். அடித்திருந்தேன்.

இப்போது கூட்டத்தில் முதலில் வெளியே வருவது கருப்பி. பிள்ளை பெற்றவள் என்பதால் யாரும் எதிர்க்கவில்லை. வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு முன்பு இல்லை. ஒன்றிரண்டு குஞ்சைப் பருந்து தூக்கிய பிறகு வந்திருக்கிறது. சாம்பியை அவள் கொத்துகிறாள். சாம்பி வெடைக்கோழியைக் கொத்துகிறாள். நாற்காலியை நான் முன்வாசலுக்கு மாற்றிவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் எந்த வேலைக்கு வண்டிச்சாவியை எடுத்தாலும், கட்டிலில் படுத்தபடியே அம்மா கேட்பாள்: "இன்னைக்கு யாருடா?"