அறை இருந்தது

வஜ்ர சந்திரசேகரவின் நாவலைப் பற்றி நண்பர்களிடம் நான் கதைத்ததில் பாதி பொய். வாசிக்காததை வாசித்ததாகச் சொன்ன பொய்யல்ல. வாசித்து, நன்றாக விளங்கி, விளங்காதவன்போல் இருந்த பொய்.

கொழும்பு எழுத்தாளர் அவர். 'தி செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' 2023இல் வெளிவந்து, மறு வருடம் நெபியூலா விருதைப் பெற்றது. பிறந்த கணத்திலேயே தாயால் நிழல் பிடுங்கப்பட்ட ஃபெட்டர் அதன் நாயகன். தகப்பன் பெரும் கூட்டம் வணங்கும் ஞானி. அந்தத் தகப்பனைக் கொல்லவென்றே மகனை வளர்க்கிறாள் தாய். அவன் எல்லாவற்றையும் உதறிவிட்டு லூரியட் என்ற மாநகருக்கு வந்துவிடுகிறான். மற்றவர்களுக்குத் தெரியாத பேய்கள் அவன் கண்ணுக்குத் தெரிகின்றன. நெடுநாள் பூட்டிக் கிடக்கும் கதவு அங்கே யாராலும் திறக்க முடியாததாக மாறிவிடும். பிறகு அதற்கு மறுபக்கமே கிடையாது. மதமும் அரசும் குருமாரும் அதிகாரத்துக்காக ஒருவரையொருவர் விழுங்கப் பார்க்கிறார்கள்.

ஹெவ்லொக் டவுனில், எங்கள் வீட்டு விறாந்தையில், நண்பர்களுக்கு இவ்வளவும் சொன்னேன். அதே லூரியட் மக்களை இனம் இனமாக, சாதி சாதியாகப் பிரித்து வைத்திருப்பதைச் சொல்லவில்லை. இனக்கொலைகள் நடப்பதையும் நகரம் அவற்றோடு வாழப் பழகிவிட்டதையும் சொல்லவில்லை. முகாம்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு சிங்கள நண்பர், "நல்ல காலம், அரசியல் இல்லாத கதை" என்றார். தலையாட்டினேன். அவர் நல்ல மனிதர். உண்மையைச் சொல்லியிருந்தால் இருந்து கேட்டிருப்பார். நான் பயந்தது அவருக்கல்ல. அந்தக் கதையைத் தொடங்கினால் 2007க்குப் போக வேண்டியிருக்கும்.

அந்த வருடம் ஜூன் 7 விடியற்காலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸ் எழுப்பி பஸ்களில் ஏற்றியது. கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லையாம். 376 பேர் வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாளே உச்ச நீதிமன்றம் தடையுத்தரவு கொடுத்தது. அப்போதைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். இதெல்லாம் பத்திரிகையில் வந்தது.

பத்திரிகையில் வராதது என் பங்கு. அந்த பஸ்களில் ஒன்றில் அம்மாவின் ஊர்ப் பெடியன் ஒருவன் இருந்தான். கனடா விசாவுக்காக வந்து வெள்ளவத்தையில் லொட்ஜ் ஒன்றில் நின்றவன். அதற்குச் சில கிழமைகளுக்கு முன் என்னிடம் கேட்டிருந்தான்: "அண்ணை, விசா வருமட்டும் உங்களோட நிக்கலாமோ? லொட்ஜ் காசு கட்டுப்படியாகுதில்லை." இடமில்லை என்று சொன்னேன். பின்பக்கத்து அறை சும்மா கிடந்தது. பழைய பேப்பரும் உடைந்த மின்விசிறியும்தான் அதற்குள். அவனை வைத்திருந்தால் பொலிஸ் பதிவில் பெயர் சேர்க்க வேண்டும். இவன் யார், ஏன் வந்தான் என்று கேட்பார்கள். வன்னி முகவரி போட்ட அடையாள அட்டையை நீட்ட வேண்டும். கொழும்பு முகவரியும் நல்ல சிங்களமும் உள்ள, யாரும் சந்தேகிக்காத தமிழனாக இருக்க நான் பல வருடம் பாடுபட்டிருந்தேன். அதை அவனுக்காகப் பணயம் வைக்க மனம் வரவில்லை.

செய்தி வந்த காலை வேலைக்குப் போனேன். கந்தோரில் ஒருவர் அதைப் பற்றிக் கேட்டபோது, பாதுகாப்புக்காக இருக்கும் என்று சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அறையை மறுத்ததைவிட அந்தச் சொல்தான் கேடு. அறையை மறுத்தது பயம். அந்தச் சொல், யாரும் வற்புறுத்தாமலே நான் எடுத்த பக்கம்.

அதனால்தான் லூரியட்டை மாயராச்சியமாகவே வைத்திருக்க எனக்கு அவ்வளவு ஆசை. ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' பற்றி மணிக்கணக்கில் கதைப்பேன்; அந்தக் கோயில் நகரத்து அதிகாரப் போட்டி என்னிடம் கணக்குக் கேட்காது. இந்த நாவல் கேட்டது. முகாம் வரும் அத்தியாயங்களில் நான் தேடியது ஃபெட்டரை அல்ல, அவனைக் கடந்து தன் வேலைக்குப் போகிறவனை. தேடிக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை.

பெடியன் இப்போது ஸ்காபரோவில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். தைப்பொங்கலுக்கு வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்புவான். இப்போதும் அண்ணை என்றுதான். அந்த பஸ்ஸைப் பற்றி ஒரு தரமும் கேட்டதில்லை. வீட்டில் இடமில்லை என்பதை அவன் நம்பிவிட்டான் என்றே நினைக்கிறேன். இந்தப் புத்தகத்தை வாங்கி அனுப்பலாமா என்று யோசித்துவிட்டு விட்டேன். ஒரு நாவலைக் கொடுத்து மன்னிப்பை வாங்கப் பார்ப்பதும் பழைய தந்திரம்தான். முதலில் அவனுக்கு ஃபோன் எடுத்து, அறை இருந்தது என்று சொல்ல வேண்டும். இன்னும் எடுக்கவில்லை.