நெடுந்தீவுக் குதிரைகள்

குறிகட்டுவான் இறங்குதுறையை விட்டுப் புறப்பட்ட படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் அலைகளில் ஆடியசைந்து சென்றபின், தொலைவில் பனைமரங்கள் தலைகாட்டின. ஆவணி மாதத்துக் கடும் வெயிலிலே நெடுந்தீவைக் காணச் சென்றோம். "குதிரை பார்க்காமல் திரும்பக் கூடாது, சுவாமி" என்று உடன் வந்த பங்கு இளைஞர்கள் முன்னரே நிபந்தனை விதித்திருந்தனர்.

குதிரை என்றதும் யாழ்ப்பாணத்தார் நெஞ்சில் எழுவது மாவிட்டபுரமன்றோ! குதிரை முகத்தால் துயருற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி, கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப் பெற்றாள் என்பது கர்ணபரம்பரைக் கதை. 'மா' எனில் குதிரை. அம்முகம் விட்ட இடமே மாவிட்டபுரம் ஆயிற்று என்பர். கிளாலியில் நம் மக்கள் நேர்ந்துகொள்ளும் சந்தியோகுமையோரையும் வெண்குதிரை வீரராகவே ஸ்பானிய மரபு தீட்டியது. பின்னர் திரைப்படம் வந்தது. 1957ஆம் ஆண்டில் வெளியான 'நீலமலைத் திருடன்' படத்தில் ரஞ்சன் குதிரைமீது பாடிக்கொண்டே விரையும் காட்சியைச் சிறுவயதில் கண்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் பூவரசங்கம்பைக் குதிரையாக்கி ஓடியவர் நாம். ஆயினும் அக்கதைகளிலும் படங்களிலும் குதிரைக்குத் தாகம் எடுத்ததாக நமக்கு நினைவில்லை. அதனை நெடுந்தீவிலேதான் கண்டோம்.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் அதனைத் தமதாக்கினர். கடல் சூழ்ந்து, புல்வெளி பரந்த இத்தீவு குதிரை வளர்ப்பிற்கு ஏற்றதென ஒல்லாந்தர் கண்டனர். அவர்கள் காலத்துக் குதிரை லாயத்தின் கற்றூண்கள் இன்றும் வரிசையாய் நிற்கின்றன. ஆங்கிலேயர் காலத்திலும் அவ்வளர்ப்புத் தொடர்ந்தது. பின்னர் ஆண்டவர்கள் அகன்றனர், குதிரைகளோ தங்கிவிட்டன. அவற்றின் வழிவந்தவையே இன்று தீவின் தென்புறத்துத் தரவைகளில் கட்டுப்பாடின்றித் திரியும் நூற்றுக்கணக்கான மட்டக்குதிரைகள்.

சுண்ணாம்புச் சாந்தின்றி முருகைக்கற்களை அடுக்கிய வேலிகளையும், ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரத்தையும் கடந்து தரவையை அடைந்தோம். அங்கே நின்றவை சித்திரத்துப் புரவிகளல்ல. குட்டையான உடல், புழுதி படிந்த பிடரி, எண்ணத்தக்க விலா எலும்புகள். வற்றிய குளமொன்றின் வெடித்த சேற்றை ஒரு தாய்க்குதிரை முகர்ந்துகொண்டிருக்க, குட்டி அதன் நிழலில் ஒதுங்கி நின்றது. கடும் வறட்சி வரும்போதெல்லாம் நீரின்றிக் குதிரைகள் மடிவதுண்டு. 2015ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனினும் அறிவிப்பினால் மட்டும் குளம் நிறைந்துவிடுமா?

அருகே ஒரு கிணற்றடியில் முதியவர் ஒருவர் நீர் இறைத்து, பழைய கற்றொட்டியொன்றில் ஊற்றிக்கொண்டிருந்தார். நல்ல தண்ணீர் அருமையான ஊர் அது. அவர் வீட்டுக் குடங்கள் இன்னும் நிரம்பவில்லை. "குதிரைகள் உங்களுடையவையா, ஐயா?" என வினவினோம்.

"இல்லை சுவாமி. இதுகள் ஒருதருடையதும் இல்லை. அதாலதான் ஒருதரும் தண்ணி அள்ளி ஊத்த வாறதில்லை" என்றார் அவர்.

குதிரைகள் தொட்டியை நோக்கினவேயன்றி அணுகவில்லை. "நாங்கள் நிண்டால் அதுகள் குடியாது; கொஞ்சம் தள்ளிப் போவம்" என்றார். யாவரும் விலகிக் கல்வேலியின் மறைவில் நின்றோம். முதலில் தாயும், பின்னர் குட்டியும் வந்து தலை தாழ்த்தின. காலையில் குதிரையேற்றம் பற்றிக் கேலி பேசிய இளைஞர்களிடம் அப்போது பேச்சில்லை. ஒருவன் சென்று முதியவரின் கையிலிருந்த கயிற்றை வாங்கினான். குடங்கள் நிரம்பின, தொட்டியும் மீண்டும் நிரம்பிற்று.

திரும்பும் படகில் அவருடைய சொல்லே நம் செவியில் ஒலித்தது. தமக்கென ஒருவரும் இல்லாதவை நம் ஊர்த் தெருக்களிலும் உண்டு. நம் வீட்டு வாயில்களைத் தாண்டியே அவை நாள்தோறும் செல்கின்றன. இக்கோடையில் நம் வாயிலிலும் ஒரு சட்டித் தண்ணீர் இருக்கட்டும்.